இருபத்தோராவது நொடியில் ஒரு பொய்

புதன்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு அந்தக் காலண்டர் அச்சகத்தின் வடிவமைப்பு அறையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுவது நல்லது. பின்னால் தேவைப்படும்.

ஜன்னலோரக் கம்ப்யூட்டருக்கு முன்னால், நாற்காலியின் நுனியில், கட்டம். காலண்டருக்கு நாள் கட்டங்கள் போடுகிறவர் என்பதால் அச்சகம் முழுக்க அவருக்கு அதுதான் பெயர். வலது கை மவுஸின் மேல் இருந்தது. நேற்று சாயங்காலத்திலிருந்து அது அங்கேதான் இருக்கிறது.

அவருக்கு இடப்பக்கம், இரண்டாவது கம்ப்யூட்டருக்கு முன்னால், அவருடைய மனைவி. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. விரல் நுனிகளில் கழுவினாலும் போகாத வெள்ளைத் தூள்.

கதவுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்க்கப் போட்ட ஸ்டூலில், கட்டத்தின் அண்ணன். அச்சகம் அவருடையது. திரைகள் எல்லாம் அவருக்கு முதுகுப்பக்கம். சட்டைப்பையில் அவருடைய அறைச் சாவி துருத்திக்கொண்டிருந்தது.

நடுவில், பிரிக்காத காகிதக் கட்டின் மேல், டைப்பிஸ்ட். நீதிமன்றத்தில் பத்தொன்பது வருடம் சாட்சிகளின் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்த பெண்மணி. இப்போது அந்த வேலை இல்லை. மற்றவர்கள் கைவிட்ட சிக்கல்களை அவிழ்ப்பதுதான் தொழில். மடியில் ஒரு நோட்டு, கையில் பென்சில்.

ஐந்தாவது ஆள் உட்காரவே இல்லை. டைப்பிஸ்டின் உதவியாளர் விசில், முன்னாள் பஸ் கண்டக்டர். அறை அசையாமல் இருந்தும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க," என்றார் டைப்பிஸ்ட். "கண்டதை மட்டும் சொல்லுங்க. நினைச்சதை அப்புறம் கேட்டுக்கறேன்."

மனைவிதான் பேசினாள். "தத்தெடுக்க நாலு வருஷமா பேர் பதிஞ்சு வச்சிருக்கோம். திங்கக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மெசேஜ் வந்துச்சு. பொண்ணு. ஆறு வயசு. நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள நாங்க ரெண்டு பேரும் அந்த மையத்தோட சைட்டுக்குள்ள போய், ஆளுக்கொரு ரகசிய எண்ணைப் போட்டு சம்மதம்னு அழுத்தணும். இல்லேன்னா அவ ஃபைல் அடுத்த குடும்பத்துக்குப் போயிடும்."

"இன்னிக்கு அஞ்சு மணி," என்றார் விசில், மெதுவாக.

"திங்கக்கிழமையே ஏன் அழுத்தல?" என்றார் டைப்பிஸ்ட்.

கட்டம் முகவாயால் கதவுப்பக்கம் காட்டினார். "கூட ஒரு கடிதம் வேணும் மேடம். ஒரே வீட்டுல இருக்கற மூத்தவங்க ஒருத்தர் கையால எழுதணும். சம்மதம் அழுத்தின அன்னிக்கே தபால்ல போகணும். மாடியில நாங்க ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம் இருக்கோம். அந்த மூத்தவங்க இவர்தான். மாட்டேன்னுட்டார். நேத்து சாயங்காலம் வரைக்கும் கெஞ்சிட்டு, சரி, கடிதத்துக்குக் கால்ல விழுந்துக்கலாம், முதல்ல அழுத்திடுவோம்னு உக்காந்தா, சைட் திறக்கல."

"அந்தப் பக்கத்தை உங்களுக்கும் அனுப்பியிருப்பாங்களே?" டைப்பிஸ்ட் ஸ்டூலைப் பார்த்துக் கேட்டார்.

"லிங்க் வந்துச்சு," என்றார் அண்ணன், சுவரிடம். "நான் அதைத் திறந்துகூடப் பாக்கல. பாக்கவும் மாட்டேன்."

டைப்பிஸ்ட் அதையும் எழுதிக்கொண்டார்.

திரையில் வெள்ளைப் பக்கம். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு முகம், வாய் கோணி. கீழே எழுத்துகள்: 'இந்தத் தளம் பதிலளிக்க மிகவும் தாமதமாகிறது. தளத்தில் நெரிசல் இருக்கலாம். சற்று நேரம் கழித்து மீண்டும் முயலவும்.' அதற்கும் கீழே நீலத்தில் ஒரு பொத்தான்: மீண்டும் முயல்க.

"எத்தனை தரம் அழுத்தியிருப்பீங்க?"

"எண்ணல," என்றார் கட்டம். "நான் சாப்பிடப் போனா இவ அழுத்துவா. இவ முகம் கழுவப் போனா நான் அழுத்துவேன்."

"இப்ப ஒரு தரம் அழுத்துங்க."

அழுத்தினார். டைப்பிஸ்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளை வட்டம் சுற்றியது. பிறகு அதே கோண வாய். "இருபத்தொண்ணு. அடுத்த கம்ப்யூட்டர்ல." மறுபடி சுற்றியது. "இருபத்தொண்ணு."

"நொடி எதுக்கு?" என்றாள் மனைவி.

"சாட்சி வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் முழிச்சான்னும் மேடம் டைப் அடிச்சு வச்சுப்பாங்க," என்றார் விசில். "என் கல்யாணத்துக்கு நான் எத்தனை நொடி கழிச்சு சரின்னு சொன்னேங்கறதுகூட இவங்க நோட்டுல இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. விசில் வேறு பக்கம் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த திரையில் எந்த இயந்திரத்தில் எந்த வேலை ஓடுகிறது என்ற பட்டியல் இருந்தது. ஐந்து நொடிக்கு ஒருமுறை அது மறைந்து மறைந்து வந்தது.

"இதுக்குக் கண்ணு வலியா?"

"வேலைப்பட்டியல்," என்றார் கட்டம். "அது தானாப் புதுசாகாது. அதனால பிரவுசர்ல ஒரு சின்ன கருவி போட்டு வச்சிருக்கோம், அஞ்சு நொடிக்கு ஒரு தரம் ரெஃப்ரெஷ் பண்ணிட்டே இருக்கும். இங்க ஒண்ணு, அண்ணன் ரூம்ல ஒண்ணு. சீசன் முடியற வரைக்கும் ரெண்டையும் அணைக்க மாட்டோம்."

மூன்று முப்பத்தைந்துக்கு மையத்தின் உதவி எண்ணுக்கு அச்சகத்துத் தொலைபேசியிலிருந்து அடித்தார்கள். பத்து நிமிடம் ஒரு குழல் இசை கேட்ட பிறகு ஒரு பெண்குரல் வந்தது. "எங்களுக்கு நல்லாத் திறக்குதேம்மா. காலையிலேர்ந்து எத்தனையோ குடும்பம் உள்ள வந்து அழுத்திட்டுப் போயிட்டாங்க."

"ஒரு மணி நேரம் நீட்டிக் குடுங்க. ஒரே ஒரு மணி நேரம்."

"அது என் கையில இல்லம்மா. அஞ்சு மணிக்கு ஃபைல் தானாவே நகர்ந்துடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி முயற்சி பண்ணுங்க."

மனைவி ரிசீவரை வைக்கவில்லை. வைத்தால் குரல் நிஜமாகவே போய்விடும் என்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தாள். விசில்தான் விரல் விரலாக எடுத்து வைத்தார்.

கட்டம் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. "எல்லாருக்கும் திறக்குது, நமக்கு மட்டும் திறக்கலேன்னா என்ன அர்த்தம்? ரூட்டர் எங்க இருக்கு? அண்ணன் ரூம்ல. அந்த ரூம் என்னிக்காவது பூட்டி இருந்திருக்கா? இருபது வருஷமா பூட்டே இல்ல. நேத்து மத்தியானத்துலேர்ந்து பூட்டு, சாவி சட்டைப்பையில. போன வருஷம் மெஷின்காரங்க சீட்டாட்ட சைட்டைப் பாக்கறாங்கன்னு இவர்தான் உக்காந்து மறிச்சார். மறிக்கத் தெரிஞ்ச கை."

"டேய், வார்த்தையை அளந்து பேசு."

"சாவியைக் குடுங்கண்ணே."

"என் ரூம், என் சாவி."

"மாமா," என்றாள் மனைவி. "உங்களுக்குப் பிடிக்கலேன்னா எங்களை வீட்டை விட்டு வேணாப் போகச் சொல்லுங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்கு அப்புறம் சொல்லுங்க."

அண்ணன் ஸ்டூலிலிருந்து திரும்பினார். முகம் வீங்கியிருந்தது. "பிடிக்கலேன்னு யார் சொன்னா? உங்களுக்கு என்ன தெரியும்? கொண்டாந்து விடுவாங்க. முன்பல் விழுந்த வாயோட அது சிரிச்சுக்கிட்டு மாடிப்படி ஏறும். நாம பழகிடுவோம். அப்புறம் ஒரு நாள் சொந்தக்காரன்னு எவனாவது வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடுவான். ஏழு மாசம் வளத்து அனுப்பினவன் நான். நீங்க அப்ப இந்த வீட்டுல இல்ல." சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவரும் அவர் மனைவியும் ஒரு பையனைப் பொறுப்பேற்று வளர்த்ததும், அவன் போனதும், பிறகு அந்த அம்மாள் நோயில் போனதும் அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

கட்டம் கதவைப் பார்த்தார், பூட்டை உடைக்கப் போகிறவரைப்போல. டைப்பிஸ்ட் பென்சிலால் காகிதக் கட்டின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

"உக்காருங்க. அந்த சீட்டாட்ட சைட் இன்னும் மறிச்சுதான் இருக்கா?"

"இருக்கு."

"அதைத் திறங்க."

கட்டம் நின்றபடியே முகவரியை அடித்தார். விசையிலிருந்து விரல் எடுப்பதற்குள் திரையில் எழுத்து வந்துவிட்டது: அனுமதி இல்லை.

"எத்தனை நொடி?"

"நொடியே இல்ல மேடம்," என்றார் விசில். "படியில காலை வைக்கறதுக்குள்ள இறக்கி விட்டுட்டான்."

"வீட்டுக்குள்ளயே உங்கண்ணன் மறிச்சிருந்தா இப்படித்தான் வரும். உடனே. மையத்தோட சைட் இருபத்தொரு நொடி காக்க வைக்குது. அப்ப நம்ம ஆள் வாசலைத் தாண்டி, அங்க வரைக்கும் போறான், கதவைத் தட்டறான், நின்னு நின்னு பாத்துட்டுத் திரும்பி வரான். கதவு இங்க சாத்தல. அங்க சாத்தியிருக்கு."

அண்ணன் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. ஆனால் அவர் சாவியை எடுக்கவில்லை.

"அப்ப எழுதியிருக்கறது நிஜமா? நெரிசலா?" என்றார் கட்டம்.

"இந்த பிரவுசர் ஒரு சாட்சி. அவன் கண்டது ஒண்ணே ஒண்ணு: தட்டினேன், பதில் இல்ல. மீதியெல்லாம் அவனா சேத்துக்கிட்டது. தாமதம்கறது அவன் நினைப்பு. நெரிசல்கறது அவன் யூகம். மறுபடி முயலுங்கறது," டைப்பிஸ்ட் நீலப் பொத்தானைப் பார்த்தார், "அது அவனை யாருமே கேக்காத அறிவுரை. கோர்ட்டுல இதையெல்லாம் கோடு போட்டு அடிச்சுட்டுத்தான் டைப் பண்ணுவோம்."

"அடிச்சுட்டா மீதி என்ன மேடம் இருக்கு?"

"பதில் இல்ல. அதுதான் இருக்கு."

அதற்கு மேல் அவருக்கும் வழி தெரியவில்லை. நான்கு மணி ஆயிற்று. வேறு பிரவுசரில் திறந்து பார்த்தார்கள். ரூட்டருக்குப் போகும் மின்சாரத்தை வெளியிலிருந்த சுவிட்சில் அணைத்துப் போட்டார்கள். கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்து எழுப்பினார்கள். இருவருடைய போனிலும் பார்த்தார்கள்; கல் கட்டடம், உள்ளே சிக்னல் வராது, போன்களும் அச்சகத்து வைஃபையில்தான் இருந்தன. எல்லாவற்றிலும் அதே கோண வாய். தளம் பழுது, நாம் என்ன செய்தாலும் ஆகாது என்று அது ஒவ்வொரு திரையிலிருந்தும் ஒரே குரலில் சொன்னது. நான்கு இருபதுக்குக் கட்டம் மேசையில் நெற்றியை வைத்துவிட்டார். மவுஸில் இருந்த கை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது.

விசில் டைப்பிஸ்டின் காதருகே குனிந்தார். "மேடம், இந்த மாதிரி ஒரு பஸ்ஸை நான் பாத்ததில்ல. எல்லாரும் ஏறிட்டாங்க, டிரைவரைக் காணோம். ஏதாவது பண்ணுங்க. அந்தப் பொண்ணு கையைப் பாருங்க."

மனைவி இரண்டு கைகளையும் மடியில் வைத்து, கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள், லென்ஸ் தேய்ப்பதுபோல.

டைப்பிஸ்ட் நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். வரி வரியாகப் படித்தார். எப்போது திறக்கவில்லை, எதில் திறக்கவில்லை, எத்தனை தரம் திறக்கவில்லை. எல்லாக் கேள்வியும் ஒரே பக்கத்திலிருந்து கேட்கப்பட்டிருந்தது. பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ வக்கீல்கள் இப்படிக் கேட்டுத் தோற்றதை அவரே தட்டச்சு செய்திருக்கிறார்.

"கொஞ்சம் வெளியே வாங்க," என்று மனைவியை மாடிப்படிக்கு அழைத்துப் போனார். விசில் பின்னால் வந்து கதவைச் சாத்தினார்.

"நான் தப்பாக் கேட்டுட்டேன். இப்ப சரியாக் கேக்கறேன். நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் அந்த சைட் ஒரு தரமாவது திறந்துச்சா?"

அவள் சாத்திய கதவைப் பார்த்தாள். "திறந்துச்சு. காலையில. கடைக்கு லீவு சொல்லப் போனேன். முக்கு திரும்பினா பஸ் ஸ்டாப். அங்க நின்னுக்கிட்டு சும்மா போன்ல அழுத்தினேன். வந்துடுச்சு. அவ முகம் வந்துச்சு."

"அப்புறம்?"

"என் எண்ணைப் போட்டா ரெண்டு நிமிஷத்துக்குள்ள இவரும் போடணும். இவர் எண் எனக்குத் தெரியாது. கூப்பிட்டேன், உள்ள சிக்னல் இல்ல, போகல. அச்சகத்து போனையும் மெஷின் சத்தத்துல யாரும் எடுக்கல. ஓடி வந்தேன். உள்ள நுழைஞ்சு பாத்தா மறுபடி இதே எழுத்து. அப்ப கொஞ்ச நேரம் நெரிசல் குறைஞ்சிருந்துச்சு போல, அடுத்த தரம் குறையறப்ப விட்டுடக் கூடாதுன்னுதான் கம்ப்யூட்டரை விட்டு நகரவே இல்ல."

"இதை ஏன் சொல்லல?"

"நான் பாத்துட்டு விட்டுட்டேன்னு எப்படிச் சொல்ல?" அவள் படியில் உட்கார்ந்தாள். "புது போட்டோ மேடம். பழசுல வாயை மூடிட்டு இருப்பா. இதுல முன்பல் ரெண்டும் விழுந்து, சிரிக்கறா. செவ்வாய்க்கிழமை காலையிலதான் மாத்தியிருக்காங்க, கீழ தேதி இருந்துச்சு. இவர்கிட்டகூடச் சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா இவர் அழுதுடுவார், அப்புறம் நானும் விழுந்துடுவேன்."

டைப்பிஸ்டின் பென்சில் நின்றது. விசில் கதவுப் பிடியில் கை வைத்தார். பத்து வருடம் கூட இருந்ததில் அந்தப் பென்சில் நின்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

"மணி?"

"நாலு இருபத்தாறு."

"அவரைக் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடுங்க. போனை எடுத்து முதல்ல வைஃபையை அணைங்க. அணைச்சாச்சான்னு ரெண்டு தரம் பாருங்க. அப்புறம் திறங்க. திறக்கும். இந்தக் கட்டடத்துல எத்தனை கம்ப்யூட்டர், எத்தனை போன் இருந்தாலும் வெளியில போறப்ப எல்லாத்துக்கும் ஒரே முகவரி. அந்த ஒரு முகவரியைத்தான் அங்க சாத்தியிருக்காங்க. உலகத்துல வேற எங்கேர்ந்து தட்டினாலும் திறப்பாங்க."

"யார் சாத்தினது? நாங்க என்ன பண்ணோம்?"

"அப்புறம். விசில், கூடப் போங்க."

விசில் ஏற்கனவே கதவைத் திறந்திருந்தார். "கட்டம், எந்திரிங்க. ஸ்டாப் வந்துடுச்சு, இறங்கணும். கேள்வி எல்லாம் நடந்துக்கிட்டே கேளுங்க. நடக்காதீங்க, ஓடுங்க."

மூன்று ஜோடிக் கால்கள் படியிறங்கும் சத்தம் கேட்டது. பிறகு தெருக்கதவு.

அறையில் இரண்டு பேர் மிச்சம். டைப்பிஸ்ட் ஸ்டூலுக்கு எதிரே வந்து நின்றார்.

"ஐயா, நீங்க சொன்னதைப் படிச்சுக் காட்டறேன். மூணு பதினாறுக்கு: 'நான் அதைத் திறந்துகூடப் பாக்கல.' மூணு ஐம்பதுக்கு: 'முன்பல் விழுந்த வாயோட அது சிரிச்சுக்கிட்டு மாடிப்படி ஏறும்.'"

அண்ணன் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"பழைய போட்டோவுல பிள்ளை வாயை மூடியிருக்கு. புது போட்டோ நேத்து காலையிலதான் வந்துச்சு. உங்க தம்பி இன்னும் பாக்கல. அவர் மனைவி பாத்தாங்க, யார்கிட்டயும் சொல்லல. இந்த ஸ்டூல்லேர்ந்து பாத்தா சுவர்தான் தெரியும், திரை தெரியாது. பல் விழுந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சட்டைப்பையைத் தொட்டார். சாவி நுனி விரலில் பட்டது. எடுக்காமல் விட்டார்.

"குற்றம் சொல்லக் கேக்கல. அந்த அறையில என்ன திறந்திருக்குன்னு பாக்கணும். சீக்கிரம்."

அண்ணன் எழுந்து போய்த் தன் அறைப் பூட்டைத் திறந்தார். அறை சின்னது. மேசை, ரூட்டர், கம்ப்யூட்டர். திரை முழுக்க வேலைப்பட்டியல். அண்ணன் அதைச் சுருக்கினார். பின்னால் இன்னொரு பக்கம் இருந்தது. வெள்ளை, நடுவில் சுற்றும் வட்டம். கோண வாய் வருவதற்குள்ளேயே அது மறைந்தது, வட்டம் மறுபடி சுற்றத் தொடங்கியது. ஐந்து நொடியில் மறுபடி முதலிலிருந்து. மறுபடி. மூலையில் அந்தச் சின்னக் கருவியின் எண் ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடியது. இருபதாயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு.

"நேத்து எத்தனை மணிக்குத் திறந்தீங்க?"

"பதினொண்ணரை." அவர் குரல் தூரத்திலிருந்து வந்தது. "பாக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். கை போயிடுச்சு. மத்தியானம் வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். மெஷின்காரன் எவனோ உள்ள வந்தான். வேலைப்பட்டியலை மேல இழுத்து மறைச்சேன். மூட மனசு வரல. ரூமைப் பூட்டிட்டேன். யாரும் பாத்துடக் கூடாதுன்னு."

"வேலைப்பட்டியல் பிரவுசர்லயே திறந்துட்டீங்க. அதுல எதைத் திறந்தாலும் அஞ்சு நொடிக்கு ஒரு தரம் அதுவே தட்டும்."

"நான் கண்டேனா."

"அங்க ஒரு காவல்காரன் இருப்பான். ஆள் இல்ல, அதுவும் ஒரு ஏற்பாடுதான். ஒரே முகவரியிலேர்ந்து ராவும் பகலும் அஞ்சு நொடிக்கு ஒரு தட்டு. கூட உங்க தம்பியும் அவர் மனைவியும் வேற இடிக்கறாங்க. ஆசையாப் பாக்கற ஆள்னு அவனுக்கு எப்படித் தெரியும்? கல்லெறியறவன்னு நினைச்சான். பதில் பேசாம சாத்திட்டான். மறுபடி தட்டத் தட்ட இன்னும் இறுக்கிச் சாத்தியிருப்பான். 'மீண்டும் முயல்க'ன்னு ஒரு பொத்தான் இருந்துச்சே. உங்க மூணு பேரையும் வெளியில நிறுத்தினது அதுதான்."

அண்ணன் மவுஸை எடுத்தார். அந்தப் பக்கத்தின் ஓரத்திலிருந்த பெருக்கல் குறியின் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தார். இன்னும் இரண்டு தடவை தட்டும்வரை அழுத்த முடியவில்லை. பிறகு அழுத்தினார். எண் நின்றது.

நான்கு நாற்பது. நான்கு நாற்பத்து நான்கு. டைப்பிஸ்ட் ஜன்னலோரம் நின்று தெருமுனையைப் பார்த்தார். அவர் சொன்னது யூகம். கண்டதல்ல. தவறாக இருந்தால், கடைசி அரை மணி நேரத்தை ஒரு பஸ் ஸ்டாப்பில் செலவழிக்க வைத்தவர் அவர்தான். நோட்டில் எதையும் எழுதவில்லை.

நான்கு ஐம்பத்தொன்றுக்கு விசில் மட்டும் முனை திரும்பி வந்தார். மெதுவாக வந்தார். டைப்பிஸ்டின் கை ஜன்னல் கம்பியை இறுக்கியது. விசில் படியேறி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"ஏன் தனியா வரீங்க?"

"அவங்களால நடக்க முடியல மேடம். பெஞ்சுல உக்காந்து அழுதுக்கிட்டு இருக்காங்க. ரெண்டு பஸ் நின்னு பாத்துட்டுப் போயிடுச்சு." நெற்றியைத் துடைத்தார். "நாலு முப்பத்திரெண்டுக்குத் திறந்துச்சு. கட்டம் அவசரத்துல ரெண்டு தரம் எண்ணைத் தப்பாப் போட்டுட்டார். மூணாவது தப்பானா கதவு சாத்திடுமாம். நான்தான் பிரேக் போட்டேன். ரெண்டு பேரையும் பத்து வரைக்கும் எண்ண வச்சு, அப்புறம் போட வச்சேன். நாலு நாப்பத்தேழு. ஏத்துக்கிட்டோம்னு பச்சையில வந்துடுச்சு." அண்ணன் பக்கம் திரும்பினார். "கீழ ஒரு வரி இருக்கு. மூத்தவர் கடிதம் இன்னிக்குத் தேதி முத்திரையோட கிளம்பணுமாம். இல்லேன்னா பச்சை திரும்பவும் வெள்ளை ஆயிடும். தபால் ஆபீஸ் அஞ்சரை வரைக்கும்."

அண்ணன் தன் மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்தார். உள்ளே நான்கு காகிதங்கள் இருந்தன, நான்கும் பாதி எழுதி மடித்தவை. அவற்றை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்தார்.

தம்பியும் மனைவியும் வாசலில் வந்து நின்றபோது அவர் எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: "நான்தான்டா பூட்டினது. ரூட்டர்ல இல்ல. ஆனா நான்தான்."

கட்டம் அறைக்குள் வந்தார். அதற்குள் டைப்பிஸ்டிடம் விவரம் கேட்டிருந்த விசில், படியில் அவரை எதிர்கொண்டு, அண்ணன் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்ததைச் சொல்லியிருந்தார். "நேத்து பாத்துக்கிட்டே இருந்தீங்களாண்ணே?"

"மத்தியானம் வரைக்கும்."

"எனக்கும் காட்டியிருக்கலாம்ல."

அண்ணன் பேனாவை ஒரு நொடி நிறுத்தினார். பிறகு எழுதினார். எழுதி முடித்ததை டைப்பிஸ்டிடம் நீட்டினார். "படிச்சுப் பாருங்கம்மா. தப்பிருந்தா சொல்லுங்க."

டைப்பிஸ்ட் சத்தமாகப் படித்தார். பழக்கம் அது.

'மையத்தின் பொறுப்பாளர் அவர்களுக்கு. என் தம்பியும் அவர் மனைவியும் இந்தப் பெண்பிள்ளையை வளர்க்க எனக்கு முழுச் சம்மதம். நானும் அதே மாடியில் குடியிருக்கிறேன். மாடிப்படிக் கைப்பிடி பெரியவர்கள் உயரத்துக்கு இருக்கிறது. பிள்ளை உயரத்துக்கு இன்னொன்று இந்த வாரமே போட்டுவிடுகிறேன். முன்பு ஒரு பிள்ளையை வளர்த்து அனுப்பிய அனுபவம் எனக்கு உண்டு. அதனால் தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். முடிந்தால், முன்பல் முளைப்பதற்குள் அனுப்பி வைக்கவும்.'

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் ஸ்டாப்பில் எண் போடும் இடத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத கட்டம் அவள் தோளில் கை வைத்து, மெல்லக் கேட்டார்: "பல் விழுந்துடுச்சா?"

"ரெண்டும்," என்றாள் அவள்.

"தப்பு இருக்கா?" என்றார் அண்ணன்.

"தேதி போடல," என்றார் டைப்பிஸ்ட்.

காலண்டர் அச்சடிக்கிறவர், தேதியைப் போட்டார்.

ஐந்து பதினெட்டுக்கு ஐந்து பேரும் தபால் நிலையக் கவுன்ட்டரின் முன் வரிசையாக நின்றார்கள். அண்ணன் உறையை நாக்கால் ஈரம் செய்தார், போதவில்லை என்று கவுன்ட்டர் பசையையும் தடவினார், உள்ளங்கையால் மூன்று தடவை அழுத்தினார். எழுத்தர் முத்திரையைக் குத்தினார். இன்றைய தேதி கறுப்பாக, முழுதாக விழுந்தது. உறை கம்பிக்கூடைக்குள் போயிற்று.

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணன் மட்டும் கவுன்ட்டருக்குத் திரும்பிப் போய்க் குனிந்தார். "போயிடும்ல?"

"போயிடும் சார்."

இரண்டு எட்டு வைத்துவிட்டு மறுபடி கவுன்ட்டர்ப் பக்கம் திரும்பினார். விசில் அவர் முழங்கையைப் பிடித்தார், ஓடுகிற பஸ்ஸில் ஒரு பயணியைப் பிடிப்பதுபோல.

"வாங்கண்ணே," என்றார். "ஒரு தரம் தட்டியாச்சு. போதும்."

கவுன்ட்டருக்கு உள்ளே எழுத்தர் கூடையைத் தூக்கிச் சாக்கில் கவிழ்த்து, வாயைக் கட்டி, வாசலில் நின்ற வண்டிக்குக் கொடுத்தார்.